பால் பல்தானே, விழுந்துடும்!

ராத்திரி ஒண்ணே முக்கால் மணி. தெருவே தூங்குகிறது. என் வீட்டில் மட்டும் எல்லா லைட்டும் எரிகிறது. எட்டு வயசு மகள் பாப்பு, வலது கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறாள். அவள் பின்னால் என் மனைவி. மனைவிக்குப் பின்னால், கையில் கிராம்புத் தைலத்துடன் என் அம்மா. கடைசியில், எதற்கு நடக்கிறோம் என்றே தெரியாமல் நான். பார்க்கிறவர்களுக்கு ஏதோ சுவாமி புறப்பாடு மாதிரி இருந்திருக்கும்!

"அப்பா... வலிக்குதுப்பா..."

குழந்தை கத்தி அழுதால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அழக்கூடத் தெம்பில்லாமல் முனகினால், அடிவயிற்றில் யாரோ கையை விட்டுப் பிசைகிற மாதிரி இருக்கிறது.

மனைவி என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பொழிப்புரை: 'ஆறு மாசம் முன்னாடியே சொன்னேனே, கேட்டீங்களா?'

சொன்னாள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. "என்னங்க, பாப்புவோட கடைவாய்ப் பல்லுல கறுப்பா ஒரு புள்ளி தெரியுது. ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே தீர்ப்புச் சொன்னேன். "பால் பல்தானே, விழுந்துடும். விழப்போற பல்லுக்கு எதுக்கு ஃபீஸு?"

ஆபீஸில் எந்த ஃபைல் வந்தாலும் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று எழுதிப் பழகிய கை என்னுடையது. மகளின் பல்லையும் அதே டிராயரில் போட்டு மூடிவிட்டேன்.

மறுநாள் காலை பல் டாக்டரின் க்ளினிக். ஐம்பது வயசு மதிக்கத்தக்க டாக்டரம்மா. "எந்தப் பல்லு?" என்று பாப்புவைத்தான் கேட்டார். நான் முந்திக்கொண்டேன். "பால் பல்தான் டாக்டர்!"

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். டார்ச்சை என் கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்க ஸார். முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இருந்து ஆரம்பிச்சு வலது பக்கமா எண்ணிக்கிட்டே வாங்க."

எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு... அஞ்சு, ஆறு. ஆறாவது பல்லின் நடுவில் குழி. கறுப்புக் கிணறு.

"முதல் அஞ்சுதான் ஸார் பால் பல்லு, இல்லேன்னா அதுங்க விழுந்த இடத்துல வந்தது. ஆறாவது, நிரந்தரப் பல்லு. ஆறு வயசு வாக்குல, எந்தப் பல்லும் விழாம, எல்லாத்துக்கும் பின்னாடி சத்தமில்லாம முளைக்கும். மேல ரெண்டு, கீழ ரெண்டு. ஒண்ணு விழுந்து ஒண்ணு முளைச்சா எல்லாரும் கவனிப்பாங்க. இது சும்மா வந்து நிக்குது பாருங்க, அதனால முக்கால்வாசி வீட்டுல பால் பல்லுன்னே நினைச்சுடறாங்க. உங்க பொண்ணு அறுபது வயசு வரைக்கும் முறுக்கு மெல்ல வேண்டிய பல்லு ஸார் இது!"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அப்போ பால் பல்லா இருந்திருந்தா பரவாயில்லையா டாக்டர்?" என்றேன். அசட்டுக் கேள்விதான். ஆனால், பதில் அசடில்லை.

"பால் கடைவாய்ப் பல்லு பத்து, பன்னெண்டு வயசு வரைக்கும் இருக்கணும் ஸார். பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு பிடிப்பாங்களே, அந்த மாதிரி. பின்னால வர்ற பல்லுக்கு அது இடம் பிடிச்சு வெச்சிருக்கு. துண்டை முன்னாடியே எடுத்துட்டா பக்கத்து ஆளு நகர்ந்து உட்கார்ந்துடுவாரு. வர வேண்டிய பல்லு கோணலா நிக்கும்."

எக்ஸ்ரே எடுத்தார்கள். சொத்தை நரம்பைத் தாண்டி வேர்வரை போய்ச் சீழ் கட்டியிருந்தது. மேலே பல் பாதி உதிர்ந்திருந்தது. "காப்பாத்துற கட்டத்தைத் தாண்டிடுச்சு. எடுத்துடறதுதான் நல்லது. இந்த வயசுல எடுத்தா, பின்னாடி வரப்போற அடுத்த கடைவாய்ப் பல்லு கொஞ்சம் முன்னால நகர்ந்து இடத்தை நிரப்ப வாய்ப்பிருக்கு. ஆனா, அந்தப் பல்லு போனது போனதுதான்."

சீழுக்கு மருந்து கொடுத்து, சில நாள் கழித்துப் பல்லை எடுத்தார்கள். சின்னப் பொட்டலமாக மடித்துப் பாப்புவின் கையில் கொடுத்தார் நர்ஸம்மா. திரும்பி வரும்போது ஆட்டோவில், வாயில் பஞ்சைக் கடித்தபடியே பாப்பு கேட்டாள்:

"அப்பா, முன்பல்லு விழுந்தப்ப ஊர்ல பாட்டி சாணி உருண்டைக்குள்ள வெச்சு ஓட்டு மேல எறிஞ்சாங்களே... இதையும் எறிஞ்சிடலாம்ப்பா. முளைச்சிடும்."

ஆடிட் பார்ட்டி வந்து முப்பது கேள்வி கேட்டால் முப்பத்தொன்று பதில் சொல்கிறவன் நான். இந்த ஒரு கேள்விக்கு பதில் வரவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்மா" என்றேன்.

ஓடு ஏது? நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி ஃப்ளாட்.

* * *

பூச்சியா, புழுவா?

வலி போனபின் வீட்டில் விசாரணைக் கமிஷன். "பல்லுல பூச்சி விழுந்திருக்கு. அந்தக் காலத்துல கண்டங்கத்திரி விதையைப் போட்டுப் புகை பிடிச்சா பூச்சியெல்லாம் உதிரும்" என்றாள் அம்மா. "சாக்லேட்தான் காரணம்" என்றாள் மனைவி. "நான் தெனமும் பல்லு தேய்க்கிறேனே!" என்றாள் பாப்பு. மூன்றிலும் கால்வாசி உண்மை இருக்கிறது.

பூச்சி இருக்கிறது. ஆனால், கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்' என்று வில்லன் நடிகர் மாதிரி பெயர். நாம் தின்கிற சர்க்கரை, மாவுப் பண்டங்களைத்தான் அதுவும் தின்கிறது. தின்றுவிட்டு அமிலத்தைக் கக்குகிறது. அந்த அமிலம், பல்லின் மேல்பூச்சான எனாமலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. எச்சில் ஊறி வந்து அமிலத்தைச் சரிசெய்து, கரைந்ததை மறுபடி பூச முயற்சி செய்கிறது. இதற்கு அரைமணி நேரமாவது வேண்டும்.

இங்கேதான் சூட்சுமம். குழந்தை *எவ்வளவு* இனிப்புத் தின்கிறது என்பதைவிட *எத்தனை தடவை* தின்கிறது என்பது முக்கியம். பாப்புவின் அட்டவணையைப் போட்டுப் பார்த்தேன். காலையில் சர்க்கரை போட்ட பால். பஸ்ஸில் பிஸ்கட். இன்டர்வெல்லில் க்ரீம் பிஸ்கட். வகுப்பில் யாருக்காவது பர்த்டே என்றால் சாக்லேட் (நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் மாதத்துக்கு மூன்று பர்த்டே நிச்சயம்!). சாயந்திரம் ஜூஸ். தூங்கும்போது மறுபடி பால். எச்சில் பாவம், ஓவர்டைம் பார்த்தும் வேலையை முடிக்க முடியவில்லை.

பல் தேய்க்கிறாள்தான். எப்படி? காலையில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கும்போது இருபது விநாடி. அதுவும் முன்பல் மட்டும். ராத்திரி? "தூக்கம் வருதும்மா!" அவ்வளவுதான். தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடும். அதனால், ராத்திரிதான் பாக்டீரியாவுக்குப் பகல்!

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2002-03-ல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் நாடு முழுக்க எடுத்த கணக்கில், ஐந்து வயசுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் சொத்தை இருந்தது. உங்கள் தெருவில் இரண்டு வாண்டுகள் விளையாடினால், ஒன்றின் வாயில் கறுப்புப் புள்ளி என்று அர்த்தம்.

தையல் போட்ட இடத்தைக் காட்டப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். "இதைத் தடுக்கவே முடியாதா டாக்டர்?"

"வீட்டுல முடியும். பள்ளிக்கூடத்துல இன்னும் சுலபமா முடியும். நூறு வருஷமா ஒவ்வொரு நாடும் செஞ்சு பார்த்துக்கிட்டிருக்கு ஸார். படிச்சுப் பாருங்க" என்றார்.

குற்ற உணர்ச்சி இருக்கிறதே, அது ரொம்ப நல்ல வாத்தியார். படித்தேன்.

* * *

கொலை வீடு!

முதலில் நியூசிலாந்து. முதல் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது, வந்த இளைஞர்களின் வாயைத் திறந்து பார்த்த டாக்டர்களுக்கு அதிர்ச்சி. ஆள் திடகாத்திரம், பல் மட்டும் படுமோசம். ராணுவத்தின் பல் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை வகித்தவர் தாமஸ் ஹன்டர். போர் முடிந்ததும் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இருபது வயசில் பல்லைப் பார்ப்பது வீண். ஆறு வயசிலேயே பார்க்க வேண்டும். அதற்குப் பல் டாக்டர்கள் போதாது. அப்படியானால், இளம் பெண்களுக்கு இரண்டு வருஷம் பயிற்சி கொடுத்துப் பள்ளிக்கூடங்களுக்கே அனுப்பினால் என்ன?

1921-ல் வெலிங்டனில் பயிற்சி ஆரம்பமானது. பள்ளிக்கூட வளாகத்திலேயே ஒரு சின்னக் கட்டடம். உள்ளே வெள்ளை உடுப்பில் 'டென்டல் நர்ஸ்'. ஆரம்ப காலத்தில் பல்லைக் குடையும் மெஷினைத் தையல் மெஷின் மாதிரி காலால் மிதித்துத்தான் ஓட்ட வேண்டும். பிள்ளைகள் அந்தக் கட்டடத்துக்குச் செல்லமாக ஒரு பெயர் வைத்தார்கள்: 'கொலை வீடு'! 'அடுத்து நீ போ' என்று வகுப்பில் ஒரு பையனைக் கூப்பிட்டால், அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பெயர் எப்படியிருந்தாலும் திட்டம் கடல் தாண்டியது. 1949-ல் அன்றைய மலாயாவின் பினாங்கில் இதே மாதிரி பயிற்சி தொடங்கியது. 1950-களில் நியூசிலாந்தின் உதவியோடு இலங்கையின் மகரகமவிலும் பள்ளிப் பல் நர்ஸ்களைத் தயார் செய்தார்கள். அங்கெல்லாம் படித்த பாட்டிமார்களைக் கேட்டால், இன்றும் அந்த நாற்காலியைப் பற்றிக் கதை சொல்வார்கள்.

ஆனால், ஒரு சங்கடம். நர்ஸ்கள் மாங்கு மாங்கென்று பல்லை அடைத்தார்கள். அடுத்த வருஷம் புதுச் சொத்தை. மறுபடி அடைத்தார்கள். கூரை ஒழுகுகிற வீட்டில் பக்கெட் வைத்துத் தண்ணீர் பிடிக்கிற கதைதான். பக்கெட் வேண்டும்; இல்லாவிட்டால் வீடு நாறிவிடும். ஆனால், ஓட்டை மாற்றாமல் மழையை நிறுத்த முடியாது.

* * *

இரண்டு நிமிஷ மந்திரம்

ஓட்டை மாற்றியவர்கள் ஸ்காட்லாந்துக்காரர்கள். இனிப்பு என்றால் உயிரை விடும் ஊர். 2003-ல் அங்கே ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகளின் வாயைப் பார்த்தபோது, சொத்தை வெளியே தெரியாத பிள்ளைகள் 45 சதவீதம்தான். மீதிப் பேர் பாப்பு கட்சி.

அவர்கள் என்ன செய்தார்கள்? புது ஆஸ்பத்திரி கட்டவில்லை. 'சைல்ட்ஸ்மைல்' என்ற திட்டத்தில், நர்ஸரிப் பள்ளிகளில் தினமும் ஒரு தடவை, எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து, டீச்சர் கண் எதிரில் ஃப்ளோரைடு பேஸ்ட் போட்டுப் பல் தேய்க்க வேண்டும் என்றார்கள். ஏழைப் பகுதிகளில் ஒண்ணு, ரெண்டாம் வகுப்புக்கும் இதை நீட்டினார்கள். கூடவே வருஷத்துக்கு இரண்டு தடவை பல்லில் ஃப்ளோரைடு வார்னிஷ்.

அட, இவ்வளவுதானா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால், 2022 கணக்கைப் பாருங்கள்: சொத்தை தெரியாத பிள்ளைகள் 73 சதவீதம்! கிளாஸ்கோ பல்கலைக்கழகத்துக்காரர்கள் பணக் கணக்கையும் போட்டு 2013-ல் வெளியிட்டார்கள். ஐந்து வயசுப் பிள்ளைகளின் பல் வைத்தியத்துக்கு 2001-02-ல் ஆன செலவு, 2009-10-க்குள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. பேஸ்ட், பிரஷ், பயிற்சிக்குப் போட்ட பணத்தைவிட மிச்சமான பணம் அதிகம். நம் ஆபீஸ் ஃபைனான்ஸ் செக்‌ஷன்கூட உடனே கையெழுத்துப் போட்டுவிடும்!

'பணக்கார நாடு, செய்வார்கள்' என்று சொல்லத் தோன்றுகிறதா? பிலிப்பைன்ஸுக்கு வாருங்கள். 2006-ல் அங்கே எடுத்த தேசியக் கணக்கில் ஆறு வயசுப் பிள்ளைகளில் 97 சதவீதம் பேருக்குச் சொத்தை. நூற்றுக்கு மூணு பிள்ளைகள்தான் தப்பித்தார்கள். காசும் கிடையாது, பல் டாக்டரும் கிடையாது. அவர்கள் கண்டுபிடித்தது ஒரு குழாய். நீளமான பிளாஸ்டிக் குழாயில் வரிசையாக ஓட்டை போட்டு, பள்ளி மைதானத்தில் இடுப்பளவு உயரத்தில் படுக்க வைத்தார்கள். ஒரு குழாயைத் திறந்தால் போதும், பத்துப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் சோப்புப் போட்டுக் கை கழுவலாம். அப்புறம் பல் தேய்ப்பு. வருஷத்துக்கு இரண்டு தடவை பூச்சி மாத்திரை. சாமான் செலவு, ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒரு டாலருக்கும் கீழே!

ஏற்கெனவே சொத்தை விழுந்த பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. வெள்ளியும் ஃப்ளோரைடும் கலந்த ஒரு சொட்டு மருந்தைச் சொத்தையில் தடவுகிறார்கள். ஊசி இல்லை, குடைச்சல் இல்லை. சொத்தை அப்படியே உறைந்து நின்றுவிடுகிறது. நியூயார்க் பள்ளிக்கூடங்களில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2023-ல் வந்தது. இரண்டு வருஷம் கழித்துப் பார்த்ததில், பல்லின் பள்ளத்தை மூடிப் பூசுகிற 'சீலன்ட்' முறைக்கு இது சளைத்ததில்லை என்று தெரிந்தது. ஒரே குறை, தடவிய இடம் கறுத்துவிடும். அதனாலென்ன, பல்லுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்ததாக நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இவ்வளவையும் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. 'பல்லைத் தேய், பல்லைத் தேய்' என்று நம் பள்ளிகளிலும் சொல்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு நாள் கேம்ப் போட்டு, பெரிய பிளாஸ்டிக் பல்லைக் காட்டி லெக்சர் கொடுத்து, ஒரு சாம்பிள் பேஸ்ட்டும் தருகிறார்கள். 2013-லிருந்து மத்திய அரசின் சிறார் நலத் திட்டக் குழு, அரசுப் பள்ளிகளுக்கு வருஷம் ஒரு தடவையும் அங்கன்வாடிகளுக்கு இரண்டு தடவையும் வந்து பார்க்க வேண்டும். அவர்கள் பார்க்க வேண்டிய பட்டியலில் பல்லும் உண்டு. நல்ல விஷயம். ஆனால், பார்ப்பது வேறு, சொல்வது வேறு, *செய்ய வைப்பது* வேறு. சொத்தை தினமும் வேலை பார்க்கிறது. நாம் வருஷத்துக்கு ஒரு நாள் வேலை பார்த்தால் யார் ஜெயிப்பார்கள்?

* * *

முதல்ல மேத்ஸ், அப்புறம் பல்லு!

பாப்புவின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வழக்கமாக நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து செல்போன் பார்க்கிறவன். அன்றைக்கு எழுந்து நின்றேன். கால் லேசாக நடுங்கியது.

"மேடம், மதியம் சாப்பிட்டதும் பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்து ரெண்டு நிமிஷம் பல்லு தேய்க்கறதுக்கு ஏற்பாடு பண்ணலாமா?"

ஹாலில் சிரிப்பலை. ஒரு அப்பா, "ஸார், முதல்ல மேத்ஸ் ஒழுங்கா நடத்தச் சொல்லுங்க, பல்லை நாங்க பார்த்துக்கறோம்" என்றார். "நானும் அப்படித்தான் ஸார் பார்த்துக்கிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு, பாப்புவைப் பக்கத்தில் கூப்பிட்டேன். "ஆ காட்டும்மா."

காட்டினாள். பத்து விநாடி. முன்வரிசை அம்மாக்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

ஹெச்.எம். மேடம் விவரமானவர். மறுக்கவில்லை, கேள்வி கேட்டார். "நாற்பது பிள்ளைங்களுக்கு மூணு குழாய்தான் இருக்கு. தண்ணிக்கு எங்க போறது?"

"தண்ணியே வேண்டாம் மேடம். ஸ்காட்லாந்துல பெஞ்சுல உட்கார்ந்தபடியே தேய்க்கறாங்க. நுரையைப் பேப்பர்ல துப்பிடணும், வாய் கொப்பளிக்கக் கூடாது. கொப்பளிச்சா ஃப்ளோரைடும் சேர்ந்து போயிடும்."

"ஒருத்தன் பிரஷ்ஷை இன்னொருத்தன் எடுத்துட்டா?"

"ஓட்டை போட்ட ஸ்டாண்டு. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு படம். யானை, பூனை, ரயில்னு. ஒண்ணோட ஒண்ணு படாம காத்தாட நிக்கணும். கழுவி வைக்கறதுக்கு ஒரு ஆயாம்மா போதும்."

"செலவு?"

இதற்காகத்தான் ஆபீஸில் கால்குலேட்டர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வகுப்பில் 38 பிள்ளைகள். ஆளுக்குப் பட்டாணி அளவு பேஸ்ட், அதாவது கால் கிராம். பள்ளி நடக்கும் 200 நாளுக்கு இரண்டு கிலோவுக்கும் கொஞ்சம் கீழே. பெரிய ட்யூப் பத்து, டஜன் விலைக்கு 1,200 ரூபாய். மூணு மாசத்துக்கு ஒரு பிரஷ் என்று வைத்தால் 152 பிரஷ், ஒன்று 20 ரூபாய் வீதம் 3,040. மொத்தம் 4,240. பிள்ளைக்கு வருஷத்துக்கு நூற்றுப் பதினோரு ரூபாய்ச் சொச்சம்.

எக்ஸ்ரே, மருந்து, டாக்டர் ஃபீஸ் எல்லாம் சேர்த்து, பாப்புவின் ஒற்றைப் பல்லைப் பிடுங்க நான் கொடுத்தது 4,500 ரூபாய்! ஒரு வகுப்பே வருஷம் பூரா பல் தேய்க்கிற பணத்தைக் கொடுத்து, ஒரு பல்லை இழந்திருக்கிறேன்.

ஒண்ணாம் வகுப்பு டீச்சர் கையைத் தூக்கினார். "என் க்ளாஸ்ல ஆரம்பிக்கலாம் மேடம். ஆறாவது பல்லு முளைக்கிற வயசு. இப்பதான் சரியான நேரம்."

முதல் நாள் வேடிக்கை பார்க்கப் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். 38 வாய்களில் நுரை. ஒருவன் பேஸ்ட்டை முழுங்கிவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டான். ஒருத்தி மேஜையைத் தேய்த்தாள். யானைக்கும் பூனைக்கும் எல்லைத் தகராறு. டீச்சருக்கு வேர்த்துக் கொட்டியது. இது ஒரு வாரம் தாங்காது என்று நினைத்துக்கொண்டு ஆபீஸுக்கு ஓடினேன்.

தாங்கியது. காரணம், குழந்தைகள்தான். வீட்டில் 'பல் தேய்' என்றால் அது உத்தரவு. அதற்கு எதிர்த்துப் போராடலாம். வகுப்பில் பக்கத்து சீட்டுக்காரன் தேய்க்கிறான், தேய்க்காவிட்டால் அவமானம். அவ்வளவுதான் ரகசியம். இரண்டே மாதத்தில் ஒரு அம்மா புலம்பினார்: "எங்க மாமியார் வாய் கொப்பளிச்சா, 'பாட்டி, துப்பணும், கொப்பளிக்கக் கூடாது'ன்னு அதட்டறான் ஸார்!"

* * *

வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

கல்யாணம் ஆகாத தம்பிகளும் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம். பின்னால் உதவும்.

குழந்தைக்கு ஆறு வயசானால், மாசம் ஒரு தடவை டார்ச் அடித்து ஆறாவது பல்லைப் பாருங்கள். முளைத்துவிட்டால் டாக்டரிடம் காட்டி, பள்ளத்தில் சீலன்ட் பூசலாமா என்று கேளுங்கள்.

மூணு வயசுக்குள் பேஸ்ட் அரிசி அளவு, மூணிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் நீளத்துக்கு அலை அலையாகப் போடுகிறார்களே, அது பேஸ்ட் கம்பெனியின் நன்மைக்கு!

ஏழெட்டு வயசு வரை பிரஷ்ஷை நீங்கள் பிடியுங்கள். ஷூ லேஸைத் தானாகக் கட்டத் தெரியாத கை, கடைவாய்ப் பல்லைத் தேய்க்காது. காலையில் அவசரம் என்றால் போகட்டும். ராத்திரியை மட்டும் விடாதீர்கள். தேய்த்த பிறகு தண்ணீர் மட்டும்தான்.

இனிப்பே கூடாது என்று சாமியார் மடம் நடத்த வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். நாள் பூரா கொறிக்கிறதுதான் ஆபத்து.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே நிலத்தடித் தண்ணீரிலேயே ஃப்ளோரைடு அதிகம். அதனால் பல் பழுப்பேறும். போர் தண்ணீர் குடிக்கிற ஊராக இருந்தால், குழந்தைக்கு எந்தப் பேஸ்ட், எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

* * *

இப்போது பாப்பு நாலாம் வகுப்பு. மதியம் சாப்பிட்டுவிட்டு ஒண்ணாம் வகுப்புக்கு ஓடுகிறாள். டீச்சர் அவளைப் 'பல் மானிட்டர்' ஆக்கியிருக்கிறார். தேய்க்க அடம் பிடிக்கிற வாண்டுகளிடம் போய் அவள் எதுவும் பேசுவதில்லையாம். வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டுகிறாளாம். "பாத்தியா? எங்கப்பா பால் பல்லுன்னு சொன்னாரு."

ஊர் பூரா என் மானம் இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. போகட்டும்.

போன வாரம் அவளே கேட்டாள். "அப்பா, அந்தப் பொட்டலத்தை என்ன பண்ணீங்க?"

"வெச்சிருக்கேம்மா. பொங்கலுக்கு ஊருக்குப் போறப்ப ஓட்டு மேல எறியலாமா?"

"வேணாம்ப்பா. முளைக்காது. எனக்குத் தெரியும்" என்றாள், ரொம்ப சாதாரணமாக.

பொட்டலம் என் ஆபீஸ் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. ஏதாவது ஃபைலில் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று எழுதப் பேனாவை எடுத்தால், அந்த டிராயரை ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறேன். பேனா தானாக நின்றுவிடுகிறது.